குடம் நிறைந்தால் கணக்கு முடிந்ததா?

நல்லம்பள்ளிப் பக்கம் யாரிடமாவது "உங்க ஊருக்குத் தண்ணி வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தத் தண்ணி?" என்று திருப்பிக் கேட்பார்கள். போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா? தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது சாதாரணக் கேள்வி. ஆனால் குடிநீர்த் திட்டங்களுக்கு மார்க் போடுகிறவர்கள் மட்டும் இதைக் கேட்பதே இல்லை!

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே "புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு" என்ற சொற்கள் உண்டு. 2008-ல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு, இங்கே கண்டன உண்ணாவிரதம் என்று அந்த வருடம் முழுக்க ஒரே பரபரப்பு. ஜப்பான் கடனில் வேலை நடந்து, 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். யார் கொண்டு வந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை (அதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்). எதற்காகக் கொண்டு வந்தார்கள் என்பதுதான் மறந்து போய்விட்டது.

பாறைக்குள் இருந்து வரும் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடிக்கும் குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை ஏறும். இன்னும் அதிகமானால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும். வந்த பிறகு மருந்து கிடையாது. இதற்கு நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்திதான் ஆகும்.

இப்போது மார்க் விஷயத்துக்கு வருவோம். 2008-ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நகரக் குடிநீருக்கு ஒன்பது அளவுகோல்கள் வைத்தது. ஆளுக்கு 135 லிட்டர், 24 மணி நேரமும் சப்ளை, எல்லா வீட்டுக்கும் இணைப்பு, எல்லாவற்றுக்கும் மீட்டர், கணக்கில் வராத தண்ணீர் 20 சதவீதத்துக்குள், புகார்த் தீர்வு, செலவை மீட்பது, கட்டண வசூல்... அந்த ஒன்பதில் ஒன்றே ஒன்று தரம். ஊராட்சிகளுக்கோ தனி அளவுகோல். முன்பு 40 லிட்டர், 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் 55. தர்மபுரி நகரத்துக்கும் நல்லம்பள்ளி ஒன்றியத்துக்கும் ஒரே திட்டத்துத் தண்ணீர்தான், ஆனால் மனிதனின் தாகத்துக்கு மட்டும் இரண்டு ஸ்கேல்! என்ன நியாயமோ.

அதைக்கூட விடுங்கள். லிட்டரை மட்டும் எண்ணினால் என்ன ஆகும்? ஒகேனக்கல் தண்ணீர் குறைந்த நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றி, கலந்து விடுவார்கள். இப்படி நடப்பதாகப் பத்திரிகைகளிலேயே செய்தி வந்திருக்கிறது. குடம் நிறையும், ரிப்போர்ட்டிலும் 55 லிட்டர் நிறையும். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். போர் தண்ணீரில் 3 மில்லிகிராம், ஆற்றுத் தண்ணீரில் 0.3 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65. அதாவது, காவிரியில் இருந்து மலை மேடெல்லாம் தாண்டிப் பம்ப் செய்து கொண்டு வந்த தண்ணீர், தொட்டியில் விழுந்ததும் மறுபடியும் வரம்பு தாண்டிய தண்ணீராகி விடுகிறது. மின்சாரச் செலவு, கடன், வட்டி எல்லாம் யாருக்காக?

டேங்க் ஆபரேட்டரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தண்ணீர் வரவில்லை என்றால் காலிக் குடத்தோடு ரோட்டுக்கு வருவார்கள், பிடிஓ கேள்வி கேட்பார். புளோரைடு கூடினால் யாரும் மறியல் செய்ய மாட்டார்கள். எதற்குக் கேள்வி வருமோ அதைத்தானே அவர் செய்வார்?

சராசரி என்பது இன்னொரு ஏமாற்று. வால்வுக்குப் பக்கத்துத் தெருவில் குடம் வழியும், கடைசித் தெருவில் காற்று வரும். இரண்டையும் கூட்டி வகுத்தால் பாஸ் மார்க்! சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த சாம்பிளும் இப்படித்தான். அங்கே சுத்தமாக இருப்பது பெரிய விஷயமில்லை, கடைசித் தெருக் குழாயில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டாம் கட்டத்துக்குப் பல ஆயிரம் கோடி என்கிறார்கள். வரட்டும், தண்ணீர் கூடினால் கலப்பது குறையலாம். ஆனால் அளக்கும் முறை மாறாமல் குழாயை மட்டும் பெரிதாக்கினால், கோடையில் மறுபடியும் அதே போர் மோட்டார்தான் ஓடும்.

இத்தனைக்கும் அளப்பது கஷ்டமே இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற வேலைதான், சில நிமிடத்தில் முடியும். மேல்நிலைத் தொட்டித் தூணில் "கடைசியாகச் சுத்தம் செய்த நாள்" என்று பெயிண்டில் எழுதுகிறார்களே, அதன் கீழேயே கடைசித் தெருவின் புளோரைடு அளவையும் தேதியோடு எழுதலாம். இடம் நிறையவே இருக்கிறது.