எவர் நடத்தையை எவர் உசாவுவது?



உழவன் மகன் ஒருவன் காவலர் பணிக்குத் தேர்வெழுதித் தேறுகின்றான். ஓட்டத்திலும் கயிறேற்றத்திலும் வென்று நிற்கின்றான். மருத்துவ ஆய்விலும் குறையின்றி வெளிவருகின்றான். அதன்பின் அவன் கையில் ஒரு படிவம் தரப்படுகின்றது. நடத்தையையும் முன்வரலாற்றையும் உசாவும் படிவம் அது. இத்துணைத் தடைகளையும் தாண்டி வந்தவன் அந்த ஒற்றைத் தாளில் இடறி வீழ்கின்றான்!

நடுவணரசுப் பணிக்குரிய படிவம் கேட்பதென்ன? நீ எப்பொழுதேனும் தளைப்படுத்தப்பட்டதுண்டா? உன்மேல் வழக்குத் தொடரப்பட்டதுண்டா? காவலில் வைக்கப்பட்டதுண்டா? பிணைமுறியாற் கட்டப்பட்டதுண்டா? தண்டம் கட்டியதுண்டா? குற்றம் செய்தாயா என்று அது கேட்கவில்லை. உன்னைப் பிடித்தார்களா என்று கேட்கின்றது. செய்வது ஒன்று, செய்யப்படுவது மற்றொன்று. செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்தாம் வகுப்பு மாணவனும் அறிவான். ஆளுவோர் மட்டும் அறியமாட்டார்!

இனி, இது காவிரிப் படுகைப் பிள்ளைகளை எவ்வாறு கவ்வுகின்றது என்பதைக் காண்க. 2017-ஆம் ஆண்டு சூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலிற் கசிந்தது. திரண்டு மறித்த மக்கள்மேல் தடியடி நடந்தது, பலர் தளைப்படுத்தப்பட்டனர். நெடுவாசல், கதிராமங்கலப் போராட்டங்களுக்கு ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவியொருவர் அதே ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். சில திங்களுக்குள் சென்னை உயர் நயன்மன்றம் அவ்வாணையை நீக்கியது. சோறு விளையும் மண்ணைக் காக்கத் தாள் கொடுத்தவர் குண்டராம்!

பின்னர் நிகழ்ந்தது யாது? 2020-ஆம் ஆண்டில் தமிழக அரசே காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய், எரிவளித் திட்டங்கள் அங்கே தடுக்கப்பட்டன. எதைக் கேட்டதற்காக மக்கள் அடிபட்டனரோ, அதையே மூன்றாண்டிற்குள் அரசு சட்டமாக எழுதிக்கொண்டது! 2021-இல், அறவழிப் போராட்டங்களின்மேல் தொடுத்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகவும் அரசே அறிவித்தது. ஆயின், அப்படிவத்திலுள்ள ‘எப்பொழுதேனும்’ என்னும் ஒரு சொல்லை யார் திரும்பப் பெற்றார்? வழக்குப் போயிற்று, வடு போகவில்லை. அன்று வரப்பில் நின்ற மாணவன் இன்று வேலை கேட்டுப் போனால், ‘ஆம், தளைப்படுத்தப்பட்டேன்’ என்றே எழுதவேண்டும்.

எழுதாமல் விட்டால்? மறைத்தான் என்று பணியினின்று நீக்குவர். எழுதினால்? 2016-ஆம் ஆண்டில் உச்ச நயன்மன்றம் அவதார்சிங்கு வழக்கில் சொன்ன நெறி யாதெனில், உண்மையை ஒளிக்காது எழுதினாலும் முன்வரலாற்றை எண்ணிப் பார்க்கும் உரிமை பணி தருவோர்க்கு உண்டு. பணி தந்தே ஆகவேண்டுமென்று அவரை நெருக்கவியலாது என்பதாகும். பொய் சொன்னால் பணி போகும். மெய் சொன்னால் பணி வாராமற் போகலாம். வாய்மைக்கு இந்த அரசு வைத்திருக்கும் விலை இது! அதே தீர்ப்பில், இளமையில் முழக்கமிட்டமை போன்ற சிறு வழக்கை மறைத்திருந்தால், அதைப் பொருட்படுத்தாது விடலாம் என்றும் கூறப்பட்டுள்ளது. ‘விடலாம்’ என்பதே அங்குள்ள சொல், ‘விடவேண்டும்’ என்பதன்று. அந்த ‘லாம்’ என்னும் ஈறு ஒரு குடும்பத்தின் உலையை ஏற்றவும் வல்லது, அணைக்கவும் வல்லது.

தமிழகக் காவற்பணி விதியோ இன்னுங் கொடிது. ஐயத்தின் பயனால் விடுவிக்கப்பட்டவனும், முறையிட்டவர் பிறழ்ந்து பேசியதால் விடுவிக்கப்பட்டவனும் குற்றவழக்கில் தொடர்புடையவனாகவே கொள்ளப்படுவான் என்பது அவ்விதி. 2008-இல் சென்னை உயர் நயன்மன்ற முழு ஆயமும் அது செல்லும் என்றது. இதே தஞ்சை மண்ணில், 1968 திசம்பர் 25 அன்று, கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டன. தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973-இல் உயர் நயன்மன்றம் விடுவித்தது. அவர்களுக்கு விடுதலை என்றால் முழு விடுதலை! பண்ணையாரின் விடுதலை கறையைக் கழுவும். கூலியாள் மகனின் விடுதலை மட்டும் கறையைக் காட்டுமோ?

அரசுப் பணிக்கு ஆளெடுக்கும்போது ஆராயவே கூடாதா என்று சிலர் வினவுவர். ஆராய்க! திருடனையும் கையூட்டு வாங்குவோனையும் பெண்டிரிடம் முறைகெட நடந்தோனையும் வாயிலிலேயே நிறுத்துக. வள்ளுவப் பேராசானும் தெரிந்து தெளிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அவர் காட்டிய நெறி யாது? நிறையையும் குறையையும் ஒருங்கே எண்ணி, மிகுந்து நிற்பதைக் கொள்க என்பதன்றோ? இங்கோ குறையை எண்ணுதற்குப் படிவம் உண்டு. நிறையை எண்ணுதற்கு ஒரு கட்டமும் இல்லை. பள்ளி முடித்துச் செல்லும் மாணவர்க்கு நடத்தைச் சான்று எழுதித் தரும் ஆசிரியர் யாம். ஏழாண்டு அருகிருந்து பார்த்தவன் எழுதும் சொல்லுக்கு அங்கே எடையில்லை. ஒருநாள் வண்டியில் ஏற்றியவன் எழுதும் சொல்லே எடையுள்ளது!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. மேலைச் செருமனியில் 1972-இல் பிறந்த ஆணையொன்று, ஆசிரியர், அஞ்சற்காரர், தொடர்வண்டி ஓட்டுநர் என எவரையும் கட்சிச் சார்பு பார்த்துப் பணியினின்று விலக்கியது. பொதுவுடைமைக் கட்சியினர் என்பதற்காக விலக்கப்பட்ட பள்ளியாசிரியை ஒருவர்க்கு 1995-இல் ஐரோப்பிய மாந்தவுரிமை மன்றம் முறை வழங்கியது. அதற்குப் பன்னீராண்டு முன்னரே, 1983-இல், நம் உச்ச நயன்மன்ற நடுவர் சின்னப்ப இரெட்டி, மத்தியப் பிரதேசத்து ஆசிரியர் ஒருவர் வழக்கில், பழைய அரசியல் ஈடுபாட்டைக் காட்டிக் காவல்துறை தரும் அறிக்கையால் ஒருவரைப் பணியினின்று நீக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தார். அவ்வாசிரியர் ஆர்.எசு.எசு., சனசங்கம் ஆகியவற்றில் ஈடுபட்டவர். நம் கொள்கைக்கு நேர்மாறானவர். ஆயினும் அத்தீர்ப்பை யாம் போற்றுகின்றோம். பகைவனுக்கும் ஒக்கும் அறமே அறம்!

மொழிக்கொடுமை ஒன்றும் உண்டு. 2024 முதல் நடுவண் படைகளின் காவலர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தேர்வு தமிழில், ஆனால் தேறியபின் வரும் உசாவற் படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருவதே வழக்கம். 1976-ஆம் ஆண்டின் அலுவல்மொழி விதிகள் தமிழ்நாட்டுக்குச் செல்லா என்று அவ்விதிகளிலேயே எழுதியிருந்தும் இந்நிலை! கோயில் திருவிழாச் சச்சரவில் ஊர் முழுவதையும் பிணைமுறி எழுதச் சொல்லியிருப்பர். அதைத்தான் இப்படிவம் கேட்கின்றது என்று அறியாத பிள்ளை, ‘இல்லை’ என எழுதிக் கையொப்பமிடுகின்றான். அறியாமல் எழுதியதும் மறைத்ததாகவே எண்ணப்படுகின்றது. புரியாத மொழியிற் கேட்டுவிட்டுப் பொய்யன் என்பது எந்த நாட்டு முறை?

எனவே யாம் கேட்பன இவை: உசாவற் படிவம் தமிழில், எளிய சொற்களில் வருக. விடுவிக்கப்பட்ட வழக்கையும் திரும்பப் பெற்ற வழக்கையும் கேட்பது ஒழிக. மண்ணுக்கும் மொழிக்கும் தண்ணீருக்கும் அறவழியிற் போராடியது குற்றமாகாது என்று விதியில் எழுதுக. பணி மறுப்பின், காவல்துறை அறிக்கையின் படியை அவனுக்கே தந்து, மறுமொழி கூற நாள் தருக.

இளைஞர்களே! அதுவரை ஒன்று செய்யுங்கள். எதையும் மறைக்காதீர்கள். வழக்கின் எண்ணையும் தீர்ப்பின் படியையும் பொன்போற் காத்து வையுங்கள். பொருள் விளங்காத கட்டத்தில், அறிந்தோரைக் கேட்காது கையொப்பமிடாதீர்கள். மண்ணைக் காக்க நின்றதற்கு நாணவேண்டியவர் நீங்கள் அல்லர். அதைக் குற்றமென எழுதிவைத்த ஏடே நாணவேண்டும். அவ்வேட்டைத் திருத்தும்வரை ஓயோம்!