சாவி திருகும் அந்த அரை நிமிடம்

டிராக் பந்தயம் என்றால் நாம் ஓட்டுநரைப் பற்றியே பேசுகிறோம். 402 மீட்டரை எத்தனை விநாடியில் கடந்தார், கார் நேராக ஓடியதா, கவிழ்ந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் காரை உயிர்ப்பித்துக் கோட்டுக்கு அனுப்பும் நான்கைந்து பேரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் கூண்டு உண்டு. தோளையும் இடுப்பையும் இறுக்கும் பட்டை உண்டு. தீப்பிடிக்காத உடை உண்டு. வெளியே நிற்பவனுக்கு டி-சட்டையும் ஜப்பான் சிலிப்பரும்தான்.

நான் ஈப்போவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் கற்பிப்பவன். செம்மோர், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பின் பட்டணத்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் பலர். பள்ளி முடிந்ததும் கார் பட்டறையில் கை உதவிக்குப் போகிறவர்கள் இவர்களில் உண்டு. முதலாளியின் பந்தயக் கார் செப்பாங்கிற்குப் போனால் இவர்களும் கூடவே போகிறார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடும் பெருமையும் உண்டு. இக்கட்டுரை இவர்களைப் பற்றியது.

இந்த விளையாட்டின் உச்சியில் இருப்பது அமெரிக்காவின் 'டாப் ஃபியூவல்' வகை. 305 மீட்டர் தூரத்தை 4 விநாடிக்குள் முடித்து, மணிக்கு 530 கிலோமீட்டரைத் தாண்டும் வண்டிகள் அவை. எரிபொருளில் பெரும்பங்கு நைட்ரோமீத்தேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம். ஆகவே அதே அளவு காற்றுக்குப் பல மடங்கு எரிபொருளைச் சிலிண்டருக்குள் தள்ள முடிகிறது. ஆபத்தும் அங்கேதான் பிறக்கிறது. வாயுவை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது என்று படிவம் ஒன்றிலேயே சொல்லித் தருகிறோம். எரியாத எரிபொருள் சிலிண்டரில் தேங்கி நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், இணைப்புத் தண்டு வளையும். சில நேரம் இயந்திரமே பிளக்கும்.

அதனால் அங்கே யாரும் சாவியைத் திருகிவிட்டுப் போவதில்லை. தீப்பொறியை நிறுத்தி வைத்துக்கொண்டு முதலில் இயந்திரத்தைச் சுழற்றுகிறார்கள். பிளாஸ்டிக் புட்டியிலிருந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிறார்கள். பெட்ரோலில் இயந்திரம் பிடித்த பிறகே நைட்ரோமீத்தேனைத் திறந்துவிடுகிறார்கள். கூடாரத்தில் சூடேற்றும்போது பின்சக்கரங்கள் தாங்கிகளின்மேல் உயர்ந்து நிற்கும். புகையில் நைட்ரிக் அமில ஆவி கலந்திருப்பதால் சுற்றி நிற்பவர்கள் முகமூடி அணிகிறார்கள். காற்றழுத்தி வெடித்தால் துண்டுகள் பறக்காதபடி கெட்டியான நார்ப்பட்டைகளால் அதைக் கட்டி வைக்கிறார்கள். ஒருவர் கை காட்டாமல் அடுத்தவர் எதையும் தொடுவதில்லை.

இந்த ஒழுங்கு புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவில் டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற ஓட்டுநரின் கார், தொடக்கக் கோட்டிலேயே பற்சக்கரப் பெட்டி வெடித்து இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. பார்வையாளர் ஒருவரும் படுகாயமடைந்தார். அதன்பின்தான் கார்லிட்ஸ் இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துக் காரை வடிவமைத்து வென்றுகாட்டினார்; மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். கார் நகரத் தொடங்கும் முன்பே, அல்லது நகரும் அதே கணத்திலேயே, இவ்வளவும் நடக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "அது அமெரிக்காவுல சார். நம்மளுது டர்போ போட்ட சத்ரியாதான்" என்றான். சரியான கேள்விதான். நைட்ரோமீத்தேன் இல்லாத இடத்தில் என்ன ஆபத்து?

பதில் ஒரு ஸ்க்ரூ டிரைவரில் இருக்கிறது. பந்தயக் காரில் கம்பிகளைக் குறைத்து, சாவித் துவாரத்தைக் கழற்றி, பானெட்டைத் திறந்து ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து இயந்திரத்தைப் பிடிக்க வைக்கும் வழக்கத்தைப் பட்டறைகளில் பார்க்கலாம். கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு சில கார்களில் உண்டு. இந்தக் குறுக்குவழியில் அதுவும் செத்துப்போகிறது. கியர் முதல் எண்ணில் இருந்தால்? மோட்டார் சுழன்ற மாத்திரத்தில் கார் முன்னே பாயும். முன்னே நிற்பவன் பானெட்டுக்குள் குனிந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் பெரும்பாலும் சுவர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கஞ்சில் அளவுள்ள கார், 700 கிலோகிராம். ஒவ்வொரு விநாடிக்கும் அதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தயக் காருக்கு இது மிகக் குறைவு. அரை மீட்டர் இடைவெளியைக் கடக்க 0.7 விநாடி போதும். மனிதன் ஒன்றைக் கண்டு விரலை அசைக்கவே கால் விநாடி ஆகும். குனிந்த உடம்பை நிமிர்த்தி, இரு கைகளையும் வெளியே எடுத்து, பக்கவாட்டில் நகர மீதி நேரம் போதாது. மோதும்போது காரின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 700 ஜூல். 70 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து முழங்காலில் போட்டதற்குச் சமம். மூட்டை விழுந்ததும் நின்றுவிடும். இயந்திரம் பிடித்துக்கொண்ட காரோ தொடர்ந்து தள்ளும்.

இதில் ஒரு சரித்திர வேடிக்கை உண்டு. ஆதிகாலக் கார்களையும் தோட்டத்து லாரிகளையும் முன்னால் நின்று கைப்பிடியால் சுழற்றித்தான் கிளப்பினார்கள். தீப்பொறி முந்திவிட்டால் கைப்பிடி எதிர்த்திசையில் உதைக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடி, கீழே அழுத்தாதே, மேலே இழு என்பது அந்தக் கால ஓட்டுநர்களுக்குப் பால பாடம். 1912-ஆம் ஆண்டு கேடிலாக் காரில் சார்ல்ஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்து, ஆளைக் காரின் முன்னாலிருந்து இருக்கைக்குக் கொண்டுபோனது. நம் பையன் கையிலுள்ள ஸ்க்ரூ டிரைவர் அவனை மறுபடியும் காரின் முன்னால் நிறுத்துகிறது.

எரிபொருள் இன்னொரு பொறி. பந்தயக் கார்களில் மெத்தனால் பயன்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். அதன் சுடரில் கரித்துகள் இல்லாததால் மஞ்சள் ஒளி இல்லை. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. 1981 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ரிக் மியர்ஸின் கார் எரிபொருள் நிரப்பும் இடத்தில் தீப்பிடித்தபோது, அவரும் உதவியாளர்களும் கைகால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. தீயே தெரியவில்லை. இரவில் பட்டறையில் மெத்தனாலைக் கொட்டுபவன் இதை அறிந்திருக்க வேண்டாமா? வேதியியல் பாடத்தில் ஆல்கஹால் வரிசையை மனப்பாடம் செய்ய வைக்கும் நாம், இந்த ஒரு செய்தியைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

சத்தம் உடனே கொல்லாது என்பதால் யாரும் மதிப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு வேலையிடச் சத்த விதிமுறைப்படி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல்தான் எல்லை. 115-ஐ எந்த நேரத்திலும் தாண்டக் கூடாது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. காது தாங்கும் நேரம் பாதியாகிறது. அப்படிப் பாதி பாதியாக இறங்கினால் 115 டெசிபெல்லில் கிடைப்பது 28 விநாடி. சைலன்சர் கழற்றிய காரின் வால்குழாய் அருகே 110-ஐத் தாண்டுவது அரிதல்ல. உட்காதின் நுண்முடிச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. காதடைப்பான் சில ரிங்கிட்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் சிறிய பட்டறைகள் உட்பட ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் உள்ளடக்குகிறது. கண்முன் ஆபத்து இருக்கிறது என்று தெரிவித்தும் முதலாளி எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையையும் அது தருகிறது. ஆனால் சனிக்கிழமை இரவு 'அண்ணே, நானும் வரேன்' என்று போகிறவன் தொழிலாளியா, நண்பனா? விபத்துக்குப் பிறகுதான் அந்தக் கேள்வி எழும். அப்போது இரண்டு பக்கமும் அவனுக்குப் பாதகமாகவே பேசும்.

பந்தயப் பாதுகாப்பைப் பற்றி எழுதுவதே பந்தயத்தை வளர்ப்பதாகும் என்று சக ஆசிரியர் ஒருவர் வாதிட்டார். பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் ஓடும் பந்தயத்துக்கு நானும் எதிரிதான், அது குற்றம். ஆனால் அனுமதியோடு நடக்கும் பந்தயத்திலும் ஆட்கள் சாகிறார்கள். 2024 ஏப்ரல் 21 அன்று இலங்கையின் தியத்தலாவையில் பந்தயக் கார் தடம் விலகி 7 பேரைப் பலிகொண்டது. இறந்தவர்களில் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள், பந்தயப் பணியில் நின்றவர்களும் இருந்தார்கள். பையன்களைப் போகாதே என்று சொல்லிப் பார்த்தோம், போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏற்பாட்டாளர்கள் காரைச் சோதிப்பதுபோல் கூட வரும் ஆட்களையும் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. மூடிய காலணி இல்லையா, உள்ளே விடாதீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது இருக்கையில் ஆள், கியர் நடுநிலையில், சக்கரத்துக்குக் கட்டை, காரின் முன்னும் பின்னும் யாரும் இல்லை. கையெட்டும் தூரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை. பட்டறை முதலாளிக்கு இதில் பெரிய செலவு இல்லை. கிளப்புகிற அதிகாரம் ஒருவருக்கு இருக்கட்டும். 'நிறுத்து' என்று கத்தும் அதிகாரம் அங்கு நிற்கும் எல்லாருக்கும், பதினாறு வயதுப் பையன் உட்பட, இருக்க வேண்டும். அப்படிக் கத்தியவனைக் கேலி செய்யும் பட்டறையாக இருந்தால், மகனை அங்கே அனுப்ப வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்வேன்.