ராட்சசப் பல்லிக்கு எத்தனை மார்க்?

“பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. டைனோசர் படம் வரைந்து, சீட்டு செய்து விளையாடுகிறார்கள். பையன் டைரனோசாரஸைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதற்கு எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு போட்டுவிடுகிறான். இரண்டே நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ‘போம்மா, நான் இனிமே வரல’ என்று அவள் அழுதுகொண்டு வருகிறாள். என்ன செய்யட்டும்?” என்று சேலையூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

சீட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு ஆளுக்கொரு செல்போனைக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி! குழந்தைகள் பேரில் தப்பில்லை. மார்க் போட்ட விதத்தில்தான் கோளாறு. எல்லாவற்றிலும் முதலாவதாக வரும் பிராணி ஒன்று கட்டில் இருந்தால், அதை எடுத்தவர் ஜெயித்தாயிற்று. அப்புறம் ஆட என்ன இருக்கிறது?

பெரியவர்களே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனை விளையாட்டு ஒன்று உண்டு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பெயர். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் கொண்டுவந்தார்கள். பூதம், டிராகனோடு டைனோசரும் அதில் வரும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை உயிர், எவ்வளவு அடிக்கும், அதன்மேல் அடி படுவது எத்தனை கஷ்டம் என்று எண்கள் உண்டு. மிச்சத்தைப் பகடை தீர்மானிக்கும். அதையே நம் வீட்டுக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்ளலாம், வாருங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒரே அளவாக நறுக்குங்கள். படம் குழந்தைகள் வரையட்டும். உயிர், தாக்கு, காப்பு, வேகம் என்று நாலு வரி எழுதுங்கள். சட்டம் ஒன்றே ஒன்று: எந்தப் பிராணியானாலும் நாலும் சேர்ந்து 20 மார்க்தான். மாதச் சம்பளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒன்றில் தாராளமாகச் செலவழித்தால் இன்னொன்றில் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

எதில் தாராளம், எதில் சிக்கனம் என்பதை அந்தப் பிராணியின் உடம்பே சொல்லும். டைரனோசாரஸ் சுமார் 12 மீட்டர் நீளம். தாம்பரத்திலிருந்து பிராட்வே போகிற பஸ் அளவு. எடை 8 டன் போல. எலும்பை நொறுக்கும் கடி. ஆனால் அத்தனை பாரத்தோடு அது வேகமாக ஓடியிருக்க முடியாது என்றே பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அங்கைலோசாரஸ் புல் பூண்டு தின்கிற சாது. ஆனால் முதுகு முழுக்க எலும்புத் தகடு, வாலில் கதாயுதம் போல ஒரு குண்டு!

நம் நாட்டுக்காரர்களும் உண்டு. ராஜாசாரஸ் குஜராத்தில் கிடைத்த மாமிச பட்சிணி. 2003-ல் பெயர் வைத்தார்கள். டைரனோசாரஸைவிடச் சிறியது. பாராபாசாரஸ் கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த தாவர பட்சிணி, சுமார் 14 மீட்டர். தொடை எலும்பு மட்டுமே ஐந்தரை அடி, நம்மில் பலரைவிட உயரம்! ‘பாரா பா’ என்றால் வங்காளியில் பெரிய கால். தாகூர் நூற்றாண்டான 1961-ல் எலும்புகளைத் தோண்டியதால் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். அதன் எலும்புக்கூடு நிற்பது கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில். டைனோசருக்கும் புள்ளிவிவரத்துக்கும் அப்போதே உறவு, பாருங்கள்!

இதோ நாலு சீட்டு:

டைரனோசாரஸ்: உயிர் 7, தாக்கு 5, காப்பு 6, வேகம் 2.
அங்கைலோசாரஸ்: உயிர் 8, தாக்கு 3, காப்பு 8, வேகம் 1.
ராஜாசாரஸ்: உயிர் 7, தாக்கு 4, காப்பு 6, வேகம் 3.
பாராபாசாரஸ்: உயிர் 10, தாக்கு 3, காப்பு 6, வேகம் 1.

இவையெல்லாம் ஒரே காலத்தில் வாழ்ந்தவை அல்ல. கற்பனை மேசையில் சந்தித்தால் என்ன, போகட்டும்!

ஆடும் முறை சுலபம். வேகம் அதிகமுள்ளது முதலில் தாக்கும். பிறகு மாறி மாறி. வேகம் சமமானால் சின்னக் குழந்தைக்கு முதல் முறை. லூடோ பெட்டியிலுள்ள ஆறு முகப் பகடை இரண்டை உருட்டுங்கள் (ஒன்றுதான் இருந்தால் இரண்டு தரம்). கூட்டுத்தொகை எதிரியின் காப்புக்குச் சமமாகவோ மேலாகவோ வந்தால் அடி விழுந்தது. தாக்கு எத்தனையோ அத்தனை உயிர் குறையும். உயிருக்குப் புளியங்கொட்டை வைத்து எண்ணலாம்.

காப்பு 6-க்கும் 8-க்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பகடை 36 விதமாக விழலாம். அதில் 6-ம் அதற்கு மேலும் வருவது 26 விதம். 8-ம் அதற்கு மேலும் வருவது 15 விதம்தான். அதனால்தான் அங்கைலோசாரஸ் டைரனோசாரஸோடு கிட்டத்தட்ட சரிக்குச் சரி நிற்கிறது. சின்னவள் அதை எடுத்தால் அண்ணன் கொஞ்சம் யோசித்துத்தான் உருட்ட வேண்டியிருக்கும்!

ஐந்தாவது சீட்டு நம் அரியலூர்க்காரருக்கு. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரு விஞ்ஞானிகள் 1987-ல் பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிருஹத் காயம் என்றால் பெரிய உடம்பு. கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர், ஏறக்குறைய நம் வாசல் நிலை உயரம். முதலில் மாமிசம் தின்பது என்றார்கள். பிறகு, நீண்ட கழுத்துள்ள தாவர பட்சிணி என்று மாற்றிக்கொண்டார்கள். ஐயோ பாவம், அந்த எலும்புகள் பொடிந்தே போய்விட்டன. படங்கள்தான் மிச்சம். எடை எவ்வளவு என்பதில் ஆளுக்கு ஆள் பல பத்து டன் வித்தியாசம். சரிபார்க்க எலும்பு இல்லை.

அதனால் இதன் உயிரை அட்டையில் எழுதாதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பகடையை உருட்டி, வருவதோடு 3 கூட்டிக்கொள்ளுங்கள். தாக்கு 3, காப்பு 6, வேகம் 1. ஒருநாள் 5 உயிரோடு வரும், ஒருநாள் 15 உயிரோடு மிரட்டும். சராசரி பார்த்தால் அதே 20 மார்க்தான்! “ஏம்மா இதுக்கு மட்டும் இப்படி?” என்று குழந்தை கேட்கும். அப்போது அரியலூர் கதையைச் சொல்லுங்கள்.

நீளம் போன்று அளந்து தெரிந்தவற்றை அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதட்டும். மார்க்குகள் பென்சிலில் இருக்கட்டும். நாலு ஆட்டம் ஆடியபின் ஒன்றே எப்போதும் ஜெயித்தால், இருவரும் பேசி மாற்றிக்கொள்ளலாம். 20 மட்டும் மாறக்கூடாது.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் புளியங்கொட்டையும் பகடையும் அதன் கைக்கு எட்டக்கூடாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்து. அந்த வீடுகளில் உயிர்க் கணக்கை சிலேட்டில் கோடு போட்டு அழித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் கொட்டையை எண்ணி டப்பாவில் போடுவது தோற்றவர் வேலை அல்ல, இருவர் வேலையும்தான்!