பென்சில் குச்சியின் மறுமொழி

சீன தேசம் 2025 ஏப்ரலில் விதித்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டினால் அருமண் காந்தங்களுக்கு உண்டான தட்டுப்பாட்டைப் பற்றியே இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். நியோடிமியம் 2, இரும்பு 14, போரான் 1 என்னும் அணுக்கணக்கில் அமைந்த அந்தப் படிகம் தன் காந்த சக்தியை ஒரே திசையில் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருப்பது ஏன் என்று விளக்கக் குறிப்புகளும் சேர்த்து வைத்தேன். அதற்குள் என் பேத்தியின் பரீட்சைத் தாள் கைக்கு வந்தது.

காந்தத்தால் ஈர்க்கப்படுவன, ஈர்க்கப்படாதன என்று இரண்டு வரிசை. பென்சில் குச்சியை இரண்டிலும் சேர்க்காமல், ‘விலகிப் போகும்’ என்று அவள் தனியே எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. இந்த இரட்டைப் பாகுபாட்டைக் குறித்து நான் பல முறை முறையிட்டிருப்பதை இப்பத்தியின் வாசகர்கள் அறிவார்கள். ஆயினும் இம்முறை மனம் மெய்யாகவே நொந்தது, ஏனென்றால் குழந்தை தன் கண்ணால் கண்டதையே எழுதியிருந்தாள். அரை மில்லிமீட்டர் கனமுள்ள குச்சியொன்றைத் தையல் நூலில் படுக்கை வசமாகத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை மூச்சடக்கிக் காத்திருந்து, விரல்நுனியளவு நியோடிமியக் காந்த வில்லையை அதன் முனையருகே கொண்டுபோனோம். யாரோ மெல்லத் தள்ளியதுபோல முனை ஒதுங்கிற்று. வில்லையைப் புரட்டி மறு துருவத்தைக் காட்டினோம், அப்போதும் ஒதுங்கிற்று. இரு துருவங்களையும் விட்டு ஒன்றுபோல விலகும் இந்த ஸ்வபாவத்துக்கு டயாகாந்தம் என்று பெயர்.

கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் இந்த விலகலிலிருந்து படிகங்களின் உள்ளமைப்பைப் படித்தறிந்தவர், வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவின் ஆராய்ச்சியில் ராமனோடு உழைத்தவர் என்ற அளவில் அவரை நினைவில் வைத்திருக்கும் நாம், 1928-ன் இறுதியில் அவர் டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்று அங்கும், 1933 முதல் கல்கத்தாவிலும் செய்த காரியத்தை மறந்துவிட்டோம். சிறு படிகமொன்றை மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, சீரான காந்தப் புலத்தின் நடுவே தொங்கவிட்டு, இழையின் மேல்நுனியை நிதானமாக முறுக்கிக்கொண்டே போவார்கள். படிகம் தனக்கு உகந்த நிலையை விட மனமில்லாததுபோல் இம்மி இம்மியாகத் திரும்பும். ஒரு கட்டத்தில் தாங்கமாட்டாமல் சட்டென்று சுழன்றுவிடும். அதுவரை கொடுத்த முறுக்கின் கோணமே அளவு. படிகத்தின் ஒரு திசைக்கும் மற்றொரு திசைக்கும் உள்ள காந்த வேற்றுமை அதிலிருந்து கணக்காகக் கிடைக்கும்.

துணி அலமாரியில் போடும் அந்துருண்டையின் நாப்தலீனைப் பாருங்கள். அதன் மூலக்கூறு தட்டையானது. கரியணு வளையங்களின் வழியே எலெக்ட்ரான்கள் சுற்றி ஓட இடமிருப்பதால், தட்டுக்குச் செங்குத்தாக வரும் புலத்தையே அது மிகுதியாக எதிர்க்கிறது. ஆகவே அந்த மூலக்கூறுகள் படிகத்துக்குள் எப்பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதை இழையின் முறுக்கே சொல்லிவிடும். எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆராய்ந்த காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் 1936-ல் இதுபற்றிச் சேர்ந்தே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

வைரமும் பென்சில் கரியும் ஒரே தனிமத்தின் இரு வடிவங்கள் அல்லவா? வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அயலணுக்களோடு சமமாகப் பிணைந்திருப்பதால் காந்தத்துக்கு எல்லாத் திசையும் ஒன்றே. பென்சில் கரியான கிராபைட்டிலோ ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு 1.42 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் இறுகப் பிணைந்து தாளாகிறது. தாளுக்கும் தாளுக்கும் இடைவெளி 3.35 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிய எலெக்ட்ரான் அந்தத் தாள் முழுவதற்கும் பொதுச்சொத்தாகித் திரிகிறது. தாளுக்குக் குறுக்கே அளந்தால் எதிர்ப்பு மிகப் பெரிது. தாளின் போக்கிலேயே அளந்தால் சொற்பம். தாள்கள் வழுக்கிப் பிரிவதால் காகிதத்தில் எழுத்து விழுவதும், அதே குச்சி காந்தத்தைக் கண்டு ஒதுங்குவதும் இந்த ஒரே பிணைப்பின் காரியங்கள் என்பதைப் பேத்திக்குச் சொன்னபோது, அவள் தன் பென்சிலை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளை நூலையும் குச்சியையும் காந்த வில்லையையும் ஒரு டப்பாவில் வைத்து வகுப்புக்கு எடுத்துப் போகிறாள். முதலில் மின்விசிறியை நிறுத்தும்படி டீச்சரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.