திறப்பு யாரிடம் இருக்கிறது?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தபோது இந்தமுறை என் பையில் ஸ்கானர் இல்லை. முன்னர் போனபோதெல்லாம் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் பொலித்தீன் பைகளில் சுற்றி வைத்திருக்கும் முறைப்பாட்டுத் துண்டுகளையும் கடிதங்களையும் படங்களையும் பிரதியெடுத்து, இணையத்தில் சேமிக்கும் சிறு குழுவொன்றுக்கு நான் உதவி வந்தேன். பெயர் வேண்டாம். இந்தமுறை போனது, அந்தப் பிரதிகளுக்கு என்ன நடந்தது என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு.

நடந்தது இதுதான். எங்கள் தளத்தைப் புலம்பெயர் நாட்டிலிருந்து ஒரு தம்பி காசு வாங்காமல் எழுதித் தந்தார். ஆவணங்கள் இருந்தது அமேசனின் கிளவுட் சேமிப்பில். அதைத் திறக்கும் இரகசியச் சொற்கள் 'டொட் என்வ்' என்ற சிறு கோப்பில் இருந்தன. மென்பொருளின் மூலநிரலைக் கிற்ஹப்பில் ஏற்றியபோது அந்தக் கோப்பும் சேர்ந்து, எவரும் பார்க்கக்கூடியவாறு ஏறிவிட்டது. அமேசனிலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருக்கிறது. அது போனது, குழுவில் ஒருவரும் திறந்து பார்க்காத பொது முகவரிக்கு. பதினொரு நாட்கள்.

இதைச் 'சூழல் மாறிகள்' என்பார்கள். ஒரு மென்பொருள் வேலை செய்யத் தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல், கிளவுட்டின் திறப்பு எல்லாம் வேண்டும். அவற்றை நிரலுக்குள் எழுதாமல், அது ஓடுகின்ற இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்வதுதான் முறை. வீட்டைக் கட்டித் தந்த மேசனிடம் வரைபடம் இருக்கலாம், திறப்பு இருக்கக்கூடாது. நல்ல யோசனைதான். ஆனால் நடைமுறையில் அந்தத் திறப்புகள் முழுவதும் ஒரே கோப்பில் சேர்ந்து கிடக்கும். அந்தக் கோப்பை ஏற்றாதே என்று இன்னொரு கோப்பில் ஒரு வரி எழுதவேண்டும். எங்கள் தம்பி அந்த ஒரு வரியை எழுதவில்லை.

இது அரிய தவறு என்று நினைக்கவேண்டாம். 2024 ஓகஸ்டில் பாலோ ஆல்ட்டோ நெற்வேர்க்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கையில், 110,000 இணைய முகவரிகளைக் குறிவைத்துத் தேடி, திறந்து கிடந்த இத்தகைய கோப்புகளிலிருந்து 90,000க்கும் மேற்பட்ட மாறிகளை ஒரு கும்பல் அள்ளியதாகச் சொல்லப்பட்டது. அவற்றில் 7,000 கிளவுட் சேவைகளுக்குரியவை. தேடியது மனிதரல்ல, நிரல்கள். எங்கள் தளம் சிறியது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நாங்கள் இருந்தது எவ்வளவு வெகுளித்தனம்!

தம்பி முதலில் செய்தது கோப்பை அழித்தது. அது போதாது. கிற்ஹப்பில் பழைய பதிப்புகள் எல்லாம் வரலாறாகக் கிடக்கும்; அழித்த கோப்பை அங்கே போய் எடுக்கலாம். திறப்பு தொலைந்தால் பூட்டைத்தான் மாற்றவேண்டும். பழைய திறப்பைச் செயலிழக்கச் செய்து, புதியதை உருவாக்கி, அதையும் எல்லாவற்றையும் திறக்கும் ஒன்றாக வைத்திருக்காமல், ஆவணம் ஏற்றுவதற்கு மட்டும் ஒன்று, வாசிப்பதற்கு மட்டும் ஒன்று என்று பிரித்தோம். கோப்பை விட்டு, திறப்புகளுக்கென்றே கிளவுட்டில் உள்ள இரகசியப் பெட்டகத்துக்கு மாறினோம். இவ்வளவும் ஒரு பின்னேர வேலை. முதல் நாளே செய்திருக்கலாம்.

யாராவது ஆவணங்களைப் பார்த்தார்களா என்ற கேள்விதான் எங்களை முடக்கியது. ஒவ்வொரு கோப்பையும் யார் வாசித்தார் என்ற பதிவு அமேசனில் தானாக எழுதப்படுவதில்லை. நாங்கள் கேட்டு இயக்கியிருக்க வேண்டும். இயக்கவில்லை. ஆகவே பார்த்தார்கள் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது.

குழுவுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம். சொன்னால் அம்மாக்கள் பயப்படுவார்கள், இனி ஒருவரும் ஆவணம் தரமாட்டார்கள் என்பது ஒரு பக்கம். பயம் உண்மையானது. வீட்டுக்குப் புலனாய்வுக்காரர் வந்துபோகும் குடும்பங்கள் இவை. ஆனால் இதே தவறைச் செய்த ஊபரின் கதை எனக்கு ஞாபகம் வந்தது. 2016இல் கிற்ஹப்பில் கிடந்த திறப்பைக் கொண்டு 5 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்களை எடுத்தார்கள். ஊபர் அவர்களுக்கு 100,000 டொலர் கொடுத்து, ஒரு வருடம் மூடிமறைத்தது. அதன் பாதுகாப்புத் தலைவர் 2022இல் குற்றவாளியானது திறப்பு தொலைந்ததற்காக அல்ல, மறைத்ததற்காக.

மறுபக்கம் சர்வதேச செஞ்சிலுவைக் குழு. போரால் பிரிந்தவர்களைத் தேடும் அவர்களின் சேர்வர்களுக்குள் ஊடுருவி, உலகெங்கும் 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்களை எடுத்திருந்தார்கள். 2022 ஜனவரி 18 கண்டுபிடித்தார்கள்; 19ஆம் திகதி உலகத்துக்கே சொன்னார்கள். இலங்கையில் மட்டும் காணாமல் போனோர் பற்றிய 16,000க்கும் மேற்பட்ட கோரிக்கைகளைப் பதிந்த அமைப்பு அது. சொன்னதால் அவர்களிடம் மக்கள் போவதை விட்டுவிடவில்லை.

அரசாங்கம் எங்களைவிடத் திறமா என்றால், 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க கிளவுட் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்கமுடியாமல் போயின. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கிய பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. இந்தியாவின் நிதியுதவியோடு டிஜிற்றல் அடையாள அட்டையும் வரப்போகிறது. அதன் திறப்புகள் யாரிடம் இருக்கும் என்று தமிழ் உறுப்பினர் எவராவது பாராளுமன்றத்தில் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். எங்களுக்கு நடந்ததைக் காட்டியே கேட்கலாம்.

படகு ஒரு மணித்தியாலம் ஓடியது. அந்த அம்மா தேத்தண்ணி தந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளவுட் என்றதை விட்டுவிட்டு, திறப்பு, பூட்டு என்றே சொன்னேன். மகனின் படமும், ஆமிக்காரரின் பெயர் எழுதியிருந்த முறைப்பாட்டுப் பிரதியும் அதில் இருந்தன என்பதையும் சொன்னேன்.

"அப்ப அவங்கள் பாத்திட்டாங்களோ பிள்ளை?"

"தெரியாது அம்மா. தெரிஞ்சுகொள்ள வழியில்லாமல் விட்டது எங்கட பிழை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இப்ப திறப்பு ஆரிட்டை இருக்கு?" என்றார்.

இரண்டு பேரிடம், ஒருவர் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறார் என்றேன். பெயரையும் போன் நம்பரையும் ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதையும் அந்தப் பொலித்தீன் பைக்குள் வைத்தார்.