கர்ப்பவதியின் முதுகில் யார் கை வைப்பது?



தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மீனும் வாங்கி, கனத்த பையோடு வீடு திரும்பும் கர்ப்பவதிகள் நம் நடுவில் அநேகர். ஊரிலே தாய் அருகிலிருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். இங்கே தனித்திருக்கும் சகோதரிக்கோ அக்கம்பக்கத்தாரும் கைபேசிக் காணொளிகளுமே ஆலோசனைக்காரர். முதுகெலும்பைச் சொடக்கிச் சரிசெய்தால் வலி நீங்கும், சுகப்பிரசவமும் ஆகும் என்கிறார்கள். கைரோபிராக்டிக் என்னும் இம்முறையைக்குறித்து மருத்துவர்கள் கூறுவதென்ன?

இது 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய முறை. அங்கே உரிமம் பெற்றவரே இதைச் செய்யலாம். நம் தேசத்தில் இதற்கென்று தனிப் பதிவுச் சட்டம் இல்லை. ஆகையால் வாசலில் தொங்கும் பலகையை மாத்திரம் கண்டு ஒருவருடைய பயிற்சியை அறிய இயலாது.

கர்ப்பகால முதுகுவலி கற்பனையல்ல. ரிலாக்ஸின் முதலான ஹார்மோன்கள் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வளரும் கர்ப்பப்பை பாரத்தை முன்னே இழுக்க, இடுப்பின் வளைவு மிகுகிறது. கர்ப்பவதிகளைக் கையாளப் பயின்றவர் மென்மையாகச் செய்யும் சிகிச்சை சிலருக்கு ஆறுதல் தரலாம் என்பதை மருத்துவர்கள் மறுப்பதில்லை. ஆனால் சான்று சொற்பம் என்கிறார்கள். 34 ஆய்வுகளையும் 5,121 கர்ப்பவதிகளையும் உட்படுத்திய 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, உடற்பயிற்சி வலியைக் குறைக்கக்கூடும் என்றது. அதற்கும் சான்று பலவீனமே என்று ஒப்புக்கொண்டது.

தலைகீழாகத் திரும்பாத சிசுவை இம்முறையால் திருப்பலாம் என்பாருண்டு. அதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. ஏறக்குறைய 37-ஆம் வாரத்தில், மருத்துவமனையிலே, சிசுவின் இருதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே மகப்பேறு மருத்துவர் வெளியிலிருந்து திருப்புவதே அங்கீகரிக்கப்பட்ட வழி.

கழுத்தைத் திடீரெனத் திருப்புவதற்கு இடங்கொடாதிருங்கள். அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. வயிற்றை அழுத்துவதும், கடைசி மாதங்களில் நெடுநேரம் மல்லாந்து படுக்கவைப்பதும் ஆகாது.

இன்னொன்றை ஜாக்கிரதையாய்க் கவனியுங்கள். முதுகுவலியோடு இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, காய்ச்சல், கடும் தலைவலி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலோ, வலி விட்டுவிட்டு வந்தாலோ, சிசுவின் அசைவு குறைந்தாலோ அது சுளுக்கென்று எண்ணாதிருங்கள். குறைப்பிரசவமோ, நஞ்சுக்கொடிக் கோளாறோ, சிறுநீரகத் தொற்றோ, இரத்த அழுத்த நோயோ அதன் பின்னே இருக்கலாம். அந்த வேளையில் முதுகைப் பிடித்துவிடுகிறவரிடம் செலவிடும் ஒரு மணி நேரம் இரண்டு ஜீவன்களுக்கு ஆபத்தாகலாம். தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அது தூரத்திலும் இல்லை. மார்க்கெட்டிலிருந்து அரவிந்தோ மார்க் வழியே தெற்கே சற்றுத் தூரம் சென்றால் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும் எதிரெதிரே நிற்கின்றன. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷித் மாத்ரித்வ அபியான் திட்டத்தின்படி, நான்காம் மாதம் முதற்கொண்டு கர்ப்பவதிகளுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் மாதந்தோறும் 9-ஆம் தேதி இலவசப் பரிசோதனை உண்டு.

அங்கே முதுகுவலியை வெட்கமின்றிச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, இரத்த அழுத்தம் எவ்வளவு, பிசியோதெரபி தகுமா என்று கேளுங்கள். கைரோபிராக்டிக் செய்ய விரும்பினால், அந்த மருத்துவர் சம்மதித்த பின்னரே செல்லுங்கள். கணவன்மாரே, இந்தி தெரியாத மனைவியைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடச் செல்லுங்கள்.