மால் சுற்றுவதற்குப் பெயர் ஊர் சுற்றுவதா?

எங்கள் களம்பூர், ஆரணி பக்கத்திலிருந்து துபாய்க்குக் குடும்பத்தோடு குடிபோனவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? எஸ்கலேட்டரில் பிள்ளைகள், மால் மீன்தொட்டி முன்னால் பிள்ளைகள், ஃபுட் கோர்ட்டில் பிள்ளைகள். கீழே "ஊரைச் சுத்திப் பாத்தாச்சு" என்று ஒரு வரி வேறு. அண்ணே, நீங்கள் சுற்றியது ஊர் இல்லை, கடை!

உடனே சண்டைக்கு வராதீர்கள். "வெளியே 45 டிகிரி கொளுத்துது, பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு வேற எங்கப்பா போறது?" என்பதுதான் உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். புது ஊர், தெரிந்த முகம் கிடையாது, வீடோ ஒற்றை அறை. ஏ.சி. போட்ட இடத்தில் காசு வாங்காமல் உள்ளே விடுகிறான் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? ஆனால் உள்ளே போவதுதான் இலவசம். பிள்ளையோடு வெளியே வருவது இலவசம் இல்லை. என் வழக்கே அதுதான்.

மாலின் பிறப்பைக் கொஞ்சம் பாருங்கள். முழுக்கக் கூரை போட்டு, குளிருக்கும் வெயிலுக்கும் தப்பிய முதல் மால் 1956ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் திறந்த சவுத்டேல். வரைந்தவர் விக்டர் க்ரூயன். 1938ல் ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவை விட்டு அமெரிக்கா போனவர். அதாவது அவரும் அயலூரில் குடியேறியவர்தான். வியன்னாவில் ஜனங்கள் கூடி உட்கார்ந்து பேசிய தெருக்களை மனதில் வைத்து, சுற்றிலும் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, பூங்கா என்று ஒரு ஊரையே திட்டம் போட்டார். கடைசியில் எழும்பியது கடைகளும், சுற்றிக் கார் நிறுத்தும் இடமும்தான். 1968ல் வியன்னாவுக்கே திரும்பியவர், பிற்பாடு இந்த மால்களுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று வெளிப்படையாகக் கைகழுவினார். பெற்றவரே வேண்டாம் என்ற பிள்ளையை நாம் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருக்கிறோம் :)

ஒன்று வாங்க வந்தவன் வந்த வேலையை மறந்து சும்மா சுற்ற ஆரம்பிக்கும் அந்த மயக்கத்துக்குக்கூட அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மயக்கம் தானாக வருவதில்லை. வெளியே வெளிச்சம் தெரியும் ஜன்னல் அதிகம் இருக்காது, மணி போவது தெரியாது. ஏறும் படிக்கும் அடுத்து ஏறும் படிக்கும் நடுவே கடைவரிசையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். வளர்ந்தவர்களே தடுமாறும் இடத்தில் ஐந்து வயசுப் பிள்ளையை நிறுத்திவிட்டு, "கேட்கக்கூடாது" என்று அதட்டினால் எப்படி?

இப்போது கணக்குக்கு வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், இல்லையென்றால் 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். 2019லிருந்து இதுதான் விதி. அந்த வரம்பை ஒட்டிச் சம்பாதிக்கிற ஒருவர் வீட்டு வாடகை கட்டி, ஊருக்கு அனுப்பி, மிச்சத்தில் வாராவாரம் மாலுக்கும் அழ வேண்டும் என்றால் எங்கே போவார்? பிள்ளை அழும். அப்பா வாங்கித் தருவார், இல்லை முதுகில் ஒன்று வைப்பார். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அது விடுமுறை இல்லை.

காசை விடுங்கள், இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஆரணிப் பக்கத்து நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பட்டுச்சேலை எப்படி வருகிறது என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். பாவு, ஊடை, தறிச்சத்தம் எல்லாம் கண்ணெதிரே. களம்பூர் பிள்ளைக்கு அரிசி எங்கிருந்து வருகிறது என்று ரைஸ்மில் வாசலே சொல்லிவிடும். ஒரு பொருளுக்குப் பின்னால் ஒரு மனுஷனின் கை இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். மாலில் எல்லாம் தானாக முளைத்து, விலைச்சீட்டோடு நிற்கிறது. அப்பா கார்டைத் தேய்த்தால் கைக்கு வந்துவிடுகிறது. பார்த்து வளர்ந்ததை மறக்கடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

"சரி, எங்கே போகச் சொல்கிறாய்?" என்றால் சொல்கிறேன். வெயில் அங்கே வருஷம் முழுக்க அடிப்பதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை அருமையான காலம். தேராவிலிருந்து பர்துபாய்க்கு க்ரீக்கைக் கடக்கும் அப்ரா படகுக்கு ஒரு திர்ஹாம்தான். இறங்கினால் பக்கத்திலேயே துணிக்கடைத் தெரு. தறியைப் பார்த்த பிள்ளை அங்கே தொங்கும் துணிகளைத் தொட்டுப் பார்த்து நூறு கேள்வி கேட்கும். கடற்கரை இருக்கிறது, பூங்கா இருக்கிறது. அங்கேதான் வேறு நாட்டுப் பிள்ளைகளோடு மண்ணில் உருண்டு விளையாட முடியும். மாலில் யாரும் யாரோடும் விளையாடி நான் கேள்விப்பட்டதில்லை.

சிங்கப்பூரில் குடியேறியவர்களுக்கு இன்னும் சுலபம். செங்காங், புக்கிட் பாஞ்சாங் போன்ற இடங்களில் பொது நூலகமே மாலுக்குள் இருக்கிறது. தமிழ் அங்கே ஆட்சிமொழி, பொது நூலகங்களில் தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும். ஏ.சி.யும் ஆச்சு, காசும் மிச்சம்.

ஜூலை வெயிலில் மாலுக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது? வேண்டியதை எழுதிக்கொண்டு போய், வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் வெளியே வாருங்கள். ஆனால் அதையே வாராவார வழக்கமாக்கி, பிள்ளைக்கு இதுதான் வெளிநாடு என்று காட்டாதீர்கள். இந்த வயசில் எதை ஊர் என்று காட்டுகிறீர்களோ, அதைத்தான் அது கடைசிவரை ஊர் என்று நினைக்கும்.